தீபாவளிக்கு மறுநாள் வைத்த பரீட்சை

உதவிப் பதிவாளர்களாக வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தலையணை அளவுள்ள ஒரு விதிக்கோவையை உங்கள் கையில் தந்திருப்பார்கள். படியுங்கள். நான் மூன்று முறை படித்தவன். அதில் எல்லா வகைக் குற்றத்துக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. நான் செய்த குற்றத்துக்கு மட்டும் எந்தப் பிரிவும் இல்லை. அதனால் பெரிதாக அடிபடாமல் தப்பித்தேன். ஓய்வுபெற்ற பிறகு மனச்சாட்சி சும்மா இருக்க விடவில்லை. அதுதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அப்போது நான் பதுளையில் ஒரு பல்கலைக்கழகத்தில், பரீட்சைப் பிரிவுக்குப் பொறுப்பான பிரதிப் பதிவாளர். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். கந்தோரில் கூட வேலை செய்பவர்கள் யாராவது ஊரைக் கேட்டால் "பசறைப் பக்கம்" என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்வேன். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. யாரும் மறைக்கச் சொல்லவில்லை. நானேதான் மறைத்தேன்.

நான் பதவி உயர்வு பெற்ற புதிதில் சிற்றுண்டிச்சாலையில் ஒருவர் எப்படியோ ஊகித்துக்கொண்டு விளையாட்டாக, "இனி என்ன, உங்கட ஆக்களுக்கு எல்லாம் சுகமா நடக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் காலில் குத்திய முள்ளாக உள்ளேயே இருந்துவிட்டது. அன்றிலிருந்து தோட்டத்துப் பிள்ளை ஒன்று வைத்தியச் சான்றிதழை ஒருநாள் பிந்திக் கொண்டுவந்தால் வாங்கமாட்டேன். வேறு பிள்ளை கொண்டுவந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வாங்கிக்கொள்வேன். இதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன். ஊரார் வாய்க்குப் பயந்தவன் செய்கிற வேலை அது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த வருடம் இறுதியாண்டுப் பரீட்சை நேர அட்டவணையில் ஒரு முக்கியமான பாடம் தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில் விழுந்தது. ஆறு வாரத்துக்கு முன்பே மாணவர்களிடமிருந்து கடிதம் வந்தது. எழுதியவள் யோகராணி, இறுதியாண்டில் முதலிடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண். கீழே நிறையக் கையெழுத்துகள். "வருடத்தில் இந்த ஒரு நாள்தான் வீட்டில் எல்லோரும் சேர்ந்திருப்போம். பரீட்சையை ஒரே ஒரு நாள் தள்ளி வைத்தால் போதும்" என்று பணிவாக எழுதியிருந்தாள். தள்ளி வைக்க இடமும் இருந்தது. அடுத்தநாள் மண்டபம் காலி.

நான் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. கடிதத்தை, பீடத்தின் தலைவரான பீடாதிபதியின் மேசைக்கு அனுப்பவேண்டும். முடிவு எடுப்பது அவர் வேலை. அதற்கு முந்தைய வருடம் வேறொரு பண்டிகைக்காக மற்றப் பிள்ளைகள் இதேபோல் கேட்டபோது, அன்று பின்னேரமே கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடியவன் நான்தான். இந்தக் கடிதத்தின் மூலையிலோ "இடமில்லை" என்று எழுதி, கோப்பில் போட்டு, அலுமாரியைச் சாத்தினேன். தன் ஆட்களுக்காக அட்டவணையை மாற்றிவிட்டான் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது. அவ்வளவுதான் என் காரணம்.

பீடாதிபதியைப் பற்றிச் சொல்லவேண்டும். பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்மணி. மண் விஞ்ஞானத்தில் பேராசிரியர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை. அவருடைய அறைக் கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. வருகிற கடிதங்களை நின்றபடியே வாசிப்பார். உட்கார்ந்து வாசித்தால் தேநீர் கேட்கத் தோன்றும், பிறகு கடிதம் ஆறிவிடும் என்பார். என் வேலைக்காலத்தில் எத்தனையோ பெரிய பதவிக்காரர்களின் கீழ் இருந்திருக்கிறேன். இவரைப்போல் ஒருவரை நான் கண்டதில்லை. அந்த நேரத்தில் அடுத்த துணைவேந்தர் பதவிக்கு அவருடைய பெயரும் பலமாக அடிபட்டுக்கொண்டிருந்தது.

தீபாவளியன்று பின்னேரம் தொடங்கிய மழை மறுநாள் விடிந்தும் விடவில்லை. பரீட்சை ஒன்பது மணிக்கு. பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்திலிருந்து தொலைபேசி அழைப்பு. மேற்பார்வையாளராக இருந்த மூத்த விரிவுரையாளர் கத்தினார்: "உடனே வாங்க. பிள்ளைகள் பொதியைத் திறக்க விடமாட்டேங்குதுகள்!"

வினாத்தாள் பொதியைத் திறக்கும் முறை உங்களுக்குத் தெரியும். முத்திரை உடையவில்லை என்று பரீட்சார்த்திகள் இரண்டு பேர் பார்த்து, உறையில் கையெழுத்து வைத்த பிறகுதான் கத்தரிக்கோல் படவேண்டும். வருடக்கணக்காக நடக்கிற சடங்கு. முன்வரிசையில் இருக்கிற எந்தப் பிள்ளையும் பார்த்தும் பார்க்காமலும் போட்டுவிட்டுப் போகும். அன்று முதலில் கூப்பிட்டது நதீஷா என்ற சிங்களப் பெண்ணை. முதலிடத்துக்கு யோகராணியோடு போட்டியில் இருந்த மற்றவள் அவள்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். "சேர், முத்திரை சரியாக இருக்கிறது. எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பசறை ரோட்டில் மண் சரிந்துவிட்டது. யோகராணியோடு சேர்த்து ஏழு பேர் அந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள். நான் உள்ளே வருவதற்குக் கொஞ்சம் முன்தான் அவள் தொலைபேசியில் பேசினாள்."

இன்னொரு மாணவனைக் கூப்பிட்டேன். அவன் எழுந்து நின்று தலையை ஆட்டினான். மூன்றாவது பிள்ளை எழும்பவேயில்லை. மண்டபம் முழுவதும் பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தது. சத்தம் இல்லை, கோஷம் இல்லை. வெளியே கூரையில் மழை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஏழு பேருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் உள்ளே விட முடியாது. வராவிட்டால் அந்தப் பாடத்தில் சித்தியில்லை, தோல்விதான். அடுத்த வருடம் எழுதலாம், ஆனால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சாதாரண சித்திதான் கிடைக்கும். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும், வகுப்புச் சித்தியும் போய்விடும். ஏழு பேருக்காக இன்னொரு வினாத்தாள் தயாரிக்கவும் விதியில் இடமில்லை. நாலு வருடம் அந்தப் பிள்ளைகள் கண்விழித்துப் படித்ததெல்லாம் ஒரு வளைவில் சரிந்த மண்ணுக்குக் கீழே கிடந்தது. அவர்களை அந்த வளைவுக்கு அனுப்பியது என் அலுமாரியில் இருந்த கடிதம்.

மடியில் கனம் இருப்பவன் வழியில் எப்படி நடப்பான்? பயந்துதான் நடப்பான். பயந்தவனுக்குக் குரல் பெரிதாக வரும். "ஐந்து நிமிடம் தருகிறேன். இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் இந்த மண்டபத்தில் இருக்கிற எல்லாருடைய பரீட்சைச் சுட்டெண்ணையும் எழுதி ஒழுக்காற்றுக் குழுவுக்கு அனுப்புவேன். பரீட்சையைப் பகிஷ்கரித்தால் என்ன தண்டனை என்று தெரியும்தானே?" என்று கத்தினேன்.  நதீஷா கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

அப்போதுதான் பீடாதிபதி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். யாரையும் பார்த்து என்ன ஏது என்று கேட்கவில்லை. நேராக மேசைக்கு வந்து பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் உடைச்சாச்சா?"

"இல்ல மெடம்."

"அப்ப பரீட்சை இன்னும் தொடங்கல. தொடங்காத பரீட்சையை யாரு பகிஷ்கரிக்கிறது? உங்க பேனையை உள்ள வைங்க."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. மூன்று முறை விதிக்கோவையைப் படித்த என் கண்ணில் படாத இடம் அது. ஒரே கேள்வியில் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரையும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார். என்னையும் சேர்த்துத்தான்.

என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். அட்டவணையை முன்கூட்டி மாற்றப் பீடாதிபதியால் முடியும், ஆனால் பரீட்சை நாளன்று அதை வேறு நாளுக்கு ஒத்திவைக்கும் அதிகாரம் துணைவேந்தருக்கும், பேராசிரியர்கள் கூடும் மூதவைக்கும்தான் உண்டு. துணைவேந்தர் வெளிநாட்டுப் பயணத்தில் விமானத்தில் இருந்தார். என் மூளை இப்போது வேகமாக வேலை செய்தது. பிழையைச் சரிக்கட்ட ஒரு வழி கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

"மெடம், ஒரு மணிக்கு வைப்போம். பிள்ளைகளை மண்டபத்த விட்டு வெளிய விடாம வச்சிருப்போம். சரிவுக்கு மேல தேயிலைக்குள்ள ஒரு குறுக்குப் பாதை இருக்கு. எனக்குத் தெரியும். ரெண்டு மணி நேரத்தில இந்தப் பக்கம் இறங்கிரலாம்."

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "அந்தப் பாதை எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"அது... நான் பசறைப் பக்கந்தானே மெடம்."

"அந்த மலை இன்னொரு தரம் சரியாதுன்னு உங்களால சொல்ல ஏலுமா?"

"நிச்சயமா சொல்ல ஏலாது மெடம்."

"மண்ணப் பத்திப் படிச்சு வயசு போனவ நான். எனக்கும் சொல்ல ஏலாது. ஒரு மணின்னு சொன்னா அந்தப் பிள்ளைகள் ஓடி வரும். ஓடி வரக் கூடாது. வியாழக்கிழமை வைப்போம்."

"உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையே மெடம்."

"இல்லதான். அத நான் பொறகு பாத்துக்கிறேன். முதல்ல அந்தப் பிள்ளைக்கு ஃபோன் எடுங்க."

நதீஷாவிடம் எண்ணை வாங்கி யோகராணியை அழைத்தேன். காற்றும் மழையுமாகக் குரல் வந்தது. "சேர், நாங்க ஏழு பேரும் இங்கதான் நிக்கிறோம். ரோட்டுல பாதியக் காணோம். ஓரமா நடந்து வந்துரலாம் சேர், இங்க நிக்கிறவங்கதான் விட மாட்டேங்கிறாங்க. அரை மணி நேரம் மட்டும் பாத்துக்கங்க சேர், ஓடி வந்துர்றோம்." அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்பது தெரிந்தது.

கந்தோரில் நான் அதுவரை பேசாத தோட்டத்துப் பேச்சு தானாக வாயில் வந்தது. "அடி வேணாம்மா, ஓரத்துல காலு வைக்காத. எல்லாரையும் கூட்டிக்கிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போ. பரீட்சை இன்னிக்கி இல்ல."

"நெசமாவா சேர்?"

பீடாதிபதி தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார். "மகள், நான் பீடாதிபதி பேசுறேன். வியாழக்கிழமைதான் பரீட்சை. மழை விட்டு, ரோட்டத் துப்புரவாக்கி, பஸ் ஓடின பொறகு வாங்க. அதுக்கு முன்னால ஒரு அடி வச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்." அந்தப் பக்கத்தில் ஏழு பேரும் சேர்ந்து அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. வெட்கத்தில் நான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மண்டபத்துக்குத் திரும்பியதும் அவர் ஒத்திவைப்பு அறிவித்தலைத் தன் கையால் எழுதி, தன் பெயரைப் போட்டு, கையெழுத்து வைத்தார். பிறகு பொதியை எடுத்து நதீஷாவிடம் நீட்டினார். "இது முத்திரை உடையாமல் பாதுகாப்பு அறைக்குத் திரும்பிப் போகிறது. அதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். இப்போது போடுவாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டாள். யோகராணி வராமல் போயிருந்தால் முதலிடம் அவள் மடியில் தானாக வந்து விழுந்திருக்கும். அது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அன்று அந்த மலை மறுபடி சரியவில்லை. பதினொரு மணிக்கு மழை விட்டது. மத்தியானத்துக்குள் பாதையின் ஒரு பக்கத்தைத் துப்புரவாக்கி பஸ்ஸையும் விட்டார்கள். ஒரு மணிக்கே வைத்திருக்கலாமே என்று மேற்பார்வையாளர் அடுத்த இரண்டு நாளும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சரிந்திருந்தால் பீடாதிபதியை எல்லோரும் தீர்க்கதரிசி என்று கொண்டாடியிருப்பார்கள். சரியாததால் அவருடைய முடிவு பிழையாகிவிடுமா? ஆகாது. முடிவு எடுத்த நேரத்தில் எது தெரியும், எது தெரியாது என்பதை வைத்துத்தான் அதை நிறுக்கவேண்டும். தெரியாது என்று தெரிந்துகொண்டு எடுத்த முடிவு அது. இவ்வளவு பெரிய பதவியில் இருந்துகொண்டு "எனக்குத் தெரியாது" என்று சொன்னவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வியாழக்கிழமை ஏழு பேரும் வந்து எழுதினார்கள். அத்தோடு முடியவில்லை. அடுத்த வாரம் மூதவை கூடியது. பீடாதிபதி தனக்கு இல்லாத அதிகாரத்தைப் பாவித்தார், மாணவர்களின் மிரட்டலுக்குப் பணிந்தார் என்று முறைப்பாடு. மாணவர்கள் மீது விசாரணை வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். துணைவேந்தர் பதவி அவருக்குக் கிடைப்பதை விரும்பாதவர்களுக்கு நல்ல வாய்ப்பு.

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் யோகராணியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன். வழக்கம்போல் நின்றபடி வாசித்தார்.

"இது எப்ப வந்தது?"

"பரீட்சைக்கு ஆறு வாரத்துக்கு முந்தி மெடம். நான்தான் கோப்பில போட்டுட்டேன்."

இரண்டாவது முறையும் வாசித்தார். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "நாளைக்குப் பாப்போம். போங்க" என்றார்.

மறுநாள் கூட்டத்தில் குறிப்பெடுப்பதற்காக ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். குற்றச்சாட்டை வாசித்து முடிந்ததும் அவர் எழுந்து அந்தக் கடிதத்தைச் சொல் விடாமல் வாசித்தார். "பிள்ளைகள் முறைப்படி கேட்டிருக்கிறார்கள். என் பீடத்துக்கு வந்த கடிதம். பதில் போகவில்லை. வழி அடைபட்ட பிறகுதான் பேனையைக் கீழே வைத்தார்கள். பிழை என்னுடையது. விசாரிப்பதென்றால் என்னை விசாரியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் பெயரை எடுக்கவில்லை.

குறிப்பெடுக்கிறவனுக்கு அந்தச் சபையில் வாய் கிடையாது. பேனையைக் கீழே வைத்தேன். எழுந்து, தலைமை வகித்த துணைவேந்தரிடம் அனுமதி கேட்டேன். "அந்தக் கடிதம் பீடாதிபதியின் கண்ணில் படவே இல்லை சேர். நிறுத்தினவன் நான். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். என் ஆட்களுக்குச் சாதகம் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் நிறுத்தினேன்" என்றேன். 

ஒத்திவைத்ததை மூதவை ஏற்றுக்கொண்டது. மாணவர்கள் மீது விசாரணை இல்லை. எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை வந்தது, அது நியாயம். பீடாதிபதி அதிகாரத்தை மீறினார் என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி ஏறியது. அந்த வரியை என் கையால்தான் எழுதினேன். சில மாதங்களில் துணைவேந்தர் பதவி வேறொருவருக்குப் போனது. அந்த வரிதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன். அவர் நின்று, கோபமில்லாமல் கேட்டார். "வேற பிள்ளைகள் இந்தக் கடிதத்தக் குடுத்திருந்தா எனக்கு அனுப்பியிருப்பீங்கதானே?"

"ஆமாங்க மெடம்."

"அப்ப உங்க கதிரையில வேற யாரு இருந்திருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லம். யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். இன்றுவரை யோசிக்கிறேன். எங்கள் சனங்களில் ஒருவன் அந்தக் கதிரைக்கு வரவேண்டும் என்று எத்தனை பேர் ஆசைப்பட்டிருப்பார்கள்! வந்தவன் அந்தப் பிள்ளைகளுக்கு வேலியாக நின்றுவிட்டான். உங்கள் ஊர்ப் பிள்ளையின் கடிதம் மேசைக்கு வந்தால் விசேஷமாக ஒன்றும் செய்யவேண்டாம். மற்றவர்களின் கடிதத்தை எந்தத் தட்டில் வைக்கிறீர்களோ அந்தத் தட்டிலேயே வையுங்கள். கேட்க லேசாக இருக்கும். செய்துபாருங்கள், கை நடுங்கும்.

அடுத்த அரையாண்டுக்கான நேர அட்டவணையைத் தயாரிக்க இன்னொருவரை நியமிப்பார் என்று எதிர்பார்த்தேன். என்னிடமே தந்தார். ஒரு கிழமை உட்கார்ந்து எல்லா மதத்துப் பண்டிகையையும் நாட்காட்டியில் தேடி, எல்லாக் கடிதங்களையும் இணைத்து அவரிடம் கொண்டுபோனேன். அட்டவணையை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்து வைத்துத் திருப்பித் தந்தார். எதையும் நின்று வாசிக்கிற மனிதர் அன்று ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

"மெடம், பாக்கலையா?"

"நீங்க பாத்தீங்கதானே" என்றார்.